மொட்டைமாடிக் காது

கொர்ர்ர்ரென்று இரும்பை அறுப்பது போல ஒரு சத்தம் கிளம்பி, ரேடியோவில் பஸ் நேரம் வாசித்துக்கொண்டிருந்த பெண்ணின் குரலை ஒரே வாயில் விழுங்கிவிட்டது. காயில்காரி ஹெட்போனைப் பிடுங்கி மேஜையில் போட்டாள். கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம். நாலு பத்து.

"வந்துட்டாரு மாப்பிள்ளை," என்றார் வீட்டுக்காரர். "நம்ம கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு கரெக்டா வரல."

அதற்குள் கைப்பேசி அடித்தது. ஏழு கடல் தாண்டி, வயசானவர்கள் விடுதி ஒன்றில் வேலை பார்க்கும் மகள்.

"அம்மா! பாதியில போச்சும்மா! கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு சொல்றதுக்குள்ள போச்சு!"

"நீ என்ன, அந்த பஸ்ஸைப் பிடிச்சு இங்க வரப் போறியா?"

"வரலைன்னா கேக்கக் கூடாதா? அந்தம்மா குரலைக் கேட்டாதான் எனக்கு வேலைக்குப் போகவே கால் வருது. நீ அந்தச் சத்தத்துக்கு ஒரு வழி பண்ணும்மா."

"பண்றேன், பண்றேன். வாளி காத்துக்கிட்டு இருக்கு, வை."

அந்தத் தெருவில் அவளுக்குக் காயில்காரி என்றுதான் பெயர். எரிந்துபோன மோட்டரைக் கொண்டுவந்து கொடுத்தால், கருகிய கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி ஏற்றி உயிர் கொடுத்து அனுப்புவாள். பேரிங், தண்டு, மூடி எல்லாம் வீட்டுக்காரர் வேலை. நாலாவது மாடியில் வாடகைக்கு இரண்டு அறை. ஒன்றில் குடித்தனம், ஒன்றில் கடை. எது எது என்று வருகிறவர்களுக்குச் சந்தேகம் வரும். சாப்பாட்டுத் தட்டிலும் செம்புத் துணுக்கு கிடக்கும். மோட்டர் பெஞ்சிலும் டீ டம்ளர் நிற்கும்.

அந்த பெஞ்சின் ஓரத்தில் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. அதுதான் ரிசீவர். பக்கத்தில் அதைவிடச் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர். மொட்டைமாடியில் துணிக்கொடி மாதிரி கட்டிய நீளக் கம்பி பிடிப்பதையெல்லாம் பெட்டி வாங்கும். கம்ப்யூட்டர் அதை இன்டர்நெட்டில் திறந்துவைக்கும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்தப் பக்கத்துக்கு வந்து, வேண்டிய ஸ்டேஷனைத் திருப்பிக் கேட்கலாம். ஒருவர் திருப்பினால் இன்னொருவருக்கு மாறாது, ஆளுக்கொரு குமிழ். ஆனால் ஒரே நேரத்தில் எட்டுப் பேர்தான். அதற்குமேல் காயில்காரி வீட்டு இன்டர்நெட் தாங்காது.

எல்லாம் மகளுக்காக ஆரம்பித்தது. இந்த ஊர் ஸ்டேஷன் சின்ன ஸ்டேஷன், நெட்டில் கிடையாது. 'எனக்கு அந்தம்மா பஸ் டைம் சொல்றதைக் கேக்கணும்மா' என்று அவள் போனில் அழுத அன்றைக்கு, பெட்டி வாங்குவது என்று காயில்காரி முடிவு செய்தாள். மகள் போனில் சொல்லச் சொல்ல இவள் செய்தாள். கம்பிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சின்ன வளையத்தில் ஒன்பது சுற்றுச் சுற்ற வேண்டும் என்றாள் மகள். பேச்சு சுவாரசியத்தில் கை பாட்டுக்குப் போய்த் தொண்ணூறு சுற்றிவிட்டது. இருபத்தைந்து வருஷப் பழக்கம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமே கேட்காமல் முழித்து, மூன்றாவது ஞாயிறு எண்பத்தொரு சுற்றைப் பிரித்த பிறகுதான் உலகம் காதில் விழுந்தது.

"ரூட்டர்ல வெளியாள் உள்ள வர்ற மாதிரி ஒரு வாசல் திறக்கணும்மா," என்று மகள் சொன்னபோது, வீட்டுக்காரர், "திறந்த வீட்டுல எது நுழையும்னு தெரியுமில்ல?" என்றார்.

நுழைந்தார்கள். ஒரு மாசத்தில் எட்டு இடமும் நிரம்பி, "அம்மா, எனக்கே சீட் இல்லைங்குது!" என்று பெற்ற மகள் புகார் சொல்லும்படி ஆயிற்று. வந்தவர்களில் ஒரு ஆள் ஒழுங்கு தவறாதவர். பனி பெய்யும் ஏதோ ஒரு தீவில் முன்பு படகு ஓட்டியவராம். இவர்கள் அவரைத் தீவுக்காரர் என்பார்கள். அவர் தன் பாஷையில் எழுதுவதை மெஷின் தமிழாக்கிக் கொடுக்கும். 'மதிப்பிற்குரிய காதின் சொந்தக்காரியே, இன்றும் மாலை உங்கள் காதில் தேனீக்கள் புகுந்தன. நான் வருந்துகிறேன்.'

அந்தத் தேனீக்கள்தான் நாலு பத்துச் சத்தம். திரையில் ஸ்டேஷன்கள் எல்லாம் சன்னக் கோடுகளாக அருவி மாதிரி மேலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும். நாலு பத்தானால் மஞ்சள் போர்வை போர்த்தியது போல எல்லாம் மூடிப்போகும். ஆறு மணிக்குத்தான் விலகும். வீட்டில் ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்துப் பார்த்தாயிற்று. வீட்டுக்காரரின் இடுப்பு வலிக்கு ஒத்தடம் கொடுக்கும் மின்சார மெத்தையைக்கூடச் சந்தேகப்பட்டு ஒரு வாரம் பிடுங்கிவைத்தாள். அவர் ஒரு வாரம் நண்டு மாதிரி நடந்ததுதான் மிச்சம். அதற்குமேல் தேட அவளுக்கு நேரமில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் தண்ணீருக்கு இறங்கவேண்டும்.

அன்றும் வாளியை எடுக்கும்போது கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு, ஒரு இருமல். கட்டடச் சங்கத்தின் செயலாளர். கீழ்த்தளத்துக்காரர். கையில் ஒரு தாள்.

"உட்காருங்க சார்."

"உட்கார நேரமில்லம்மா. படிச்சுக் காட்டிட்டுப் போறேன்." கண்ணாடியை மூக்கில் இறக்கினார். "மொட்டைமாடியில் அனுமதியின்றிக் கட்டப்பட்டுள்ள மின்கம்பி..."

"அதுல மின்சாரமே இல்ல சார்."

"படிக்கும்போது குறுக்க பேசாதீங்க. ...மின்கம்பியினால் கதிர்வீச்சு ஏற்பட்டு, குடியிருப்போருக்குத் தலைவலியும், மேல்மாடிகளுக்குத் தண்ணீர்த் தட்டுப்பாடும் உண்டாகியிருப்பதால்..."

வீட்டுக்காரர் கையிலிருந்த பேரிங் நழுவி உருண்டது. "தண்ணிக்கும் கம்பிக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"அத நீங்கதான் சொல்லணும். கம்பி போட்டு எத்தனை மாசம்? அஞ்சு. தண்ணி மேல ஏறாம எத்தனை மாசம்? அஞ்சு. நான் ஒண்ணும் சொல்லல. கணக்கு சொல்லுது."

"உங்க ரெண்டாவது பேத்தி பொறந்தும் அஞ்சு மாசம்தான் சார்," என்றாள் காயில்காரி. "அதுவும் கம்பியாலயா?"

செயலாளரின் முகம் சிறுத்துப் போயிற்று. "வாய் இருக்கு உங்களுக்கு. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்குக் கீழே கூட்டம். அதுக்குள்ள நீங்களே இறக்கிட்டா உங்களுக்கு மரியாதை. இல்லைன்னா, வீட்டு ஓனர்கிட்ட பேசிட்டேன். சங்கம் சொன்னா ரெண்டு அறையையும் காலி பண்ணச் சொல்லிடறேன்னுட்டாரு."

"வெறும் காது சார் அது. வந்ததைக் கேட்டுக்கும். எதையும் வெளிய அனுப்பாது. காது வச்சதுக்கா வீட்டைக் காலி பண்ணச் சொல்வீங்க?"

"யார் யாரோ வெளிநாட்டுக்காரன் உள்ள வந்து கேக்குறானாமே? என்ன உளவு பாக்குறானோ!"

"தொலைஞ்சுபோன கன்னுக்குட்டி அறிவிப்பைக் கேக்குறான் சார். அது கிடைச்சுதான்னு மறுநாள் விசாரிக்கிறான்."

தாளைக் கதவு இடுக்கில் செருகிவிட்டு அவர் படியிறங்கினார். காலடிச் சத்தம் அடங்கும்வரை வீட்டுக்காரர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, "கழட்டிடலாமா?" என்றார்.

"என்னங்க?"

"சும்மா கேட்டேன். இருபது வருஷம் ஒரே இடம். மோட்டர்னா நாலாவது மாடின்னு ஊருக்கே தெரியும். இந்த இடுப்பை வச்சுக்கிட்டு இன்னொரு இடம் தேடி, பெஞ்சைத் தூக்கி..."

"தப்பு செஞ்சா கழட்டலாம். தப்பு செய்யாம ஒரு தடவை கழட்டிட்டா, அடுத்து பெஞ்சைக் கழட்டச் சொல்வாங்க. அப்புறம் என்னைக் கழட்டச் சொல்வாங்க."

"உன்னைக் கழட்ட யாராலம்மா முடியும்? நானே முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்," என்று அவர் பேரிங்கைத் தேட ஆரம்பித்தார்.

தெருமுனைக் குழாயில் வரிசை நின்றது. ஊர்த் தண்ணீர் மாலை நாலிலிருந்து ஆறு வரைதான். கட்டடத்துக்குத் தனியாக ஒரு குழாய் உண்டு. முன்பெல்லாம் அந்த வேகத்திலேயே தண்ணீர் மொட்டைமாடித் தொட்டிவரை ஏறிக் கொட்டும். ஐந்து மாசமாக முதல் மாடியோடு மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. அதனால் மேல்மாடிக்காரர்கள் தெருமுனைக்கு வரவேண்டியிருக்கிறது. காற்றே இல்லாத வெயில். பிளாஸ்டிக் வாளியின் பிடி விரலை அறுக்கும் என்று காயில்காரி பழைய மோட்டர் டேப்பைச் சுற்றி வைத்திருந்தாள். அவளைப் பார்த்து எல்லா வாளிக்கும் டேப் ஏறிவிட்டது. எழுபத்திரண்டு படி. ஆறு நடை. மூன்றாவது நடையில் முழங்கால் பேச ஆரம்பிக்கும். ஐந்தாவது நடையில் திட்ட ஆரம்பிக்கும்.

மூன்றாவது மாடி டீச்சரக்காதான் வரிசைக்குப் பொறுப்பு. யார் எந்த நேரம் என்று நோட்டுப் போட்டு வைத்திருந்தாள். சண்டை வராமலிருக்க அவளே கண்டுபிடித்த முறை. தண்ணீர் தானாகத் தொட்டிக்கு ஏறிய நாளுக்கு மட்டும் ஒரு பச்சை டிக்.

"நோட்டீஸ் வந்துச்சாமே," என்றாள் டீச்சரக்கா, வாளியை நகர்த்தியபடி.

"வந்துச்சு."

"கோவிச்சுக்காத. ஒரு வாரம் கழட்டிப் பாரேன். தண்ணி வந்தா வரட்டும், வரலைன்னா திரும்பக் கட்டிக்க."

"நீங்களுமாக்கா? பிள்ளைங்களுக்கு அறிவியல் சொல்லித்தர்றவங்க."

"அறிவியல் எல்லாம் ஸ்கூல்லடி. அஞ்சு மாசமா நான் தலைக்குக் குளிக்கிறது ஞாயித்துக்கிழமை மட்டும்தான். தலை அரிக்கிறப்ப அறிவியல் ஞாபகம் வரமாட்டேங்குது."

காயில்காரி வாளியைத் தூக்கினாள்; சட்டென்று கீழே வைத்தாள். "ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன்க்கா தண்ணி ஏறுது?"

"உனக்குத் தெரியாததா? ஊரே லீவு, யாரும் தண்ணி எடுக்கறதில்ல, அதான் நமக்கு ஏறுதுன்னு செயலாளர் சொன்னாரே."

"அப்ப என் கம்பி மட்டும் ஞாயித்துக்கிழமை லீவு எடுக்குதாக்கா?"

டீச்சரக்கா நோட்டைத் திறந்து பச்சை டிக்குகளை விரலால் எண்ணினாள். பின்னால் நின்றவர், "அக்கா, குழாய் சும்மா ஓடுது!" என்று கத்தினார்.

அன்று மாலை அவள் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, தீவுக்காரருக்கு ஒரே ஒரு கேள்வி எழுதினாள். தேனீ வராத நாள் உண்டா? காலையில் பதில் வந்திருந்தது. மனுஷன் படகு ஓட்டியவர். எல்லாவற்றையும் நாள், மணி போட்டுக் குறித்து வைக்கிறவர். 'மதிப்பிற்குரியவரே, இதோ நூற்று நாற்பது நாட்களின் பட்டியல். தேனீக்கள் நான்கு பத்துக்கு வேலைக்கு வருகின்றன, ஆறு மணிக்கு வீடு செல்கின்றன. ஞாயிறு அன்று அவை ஓய்வெடுக்கின்றன. உங்கள் ஊர்த் தேனீக்கள் நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவை.'

அவள் டீச்சரக்காவின் நோட்டை வாங்கிவந்து திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். தேனீ வராத நாளிலெல்லாம் பச்சை டிக். தேனீ வந்த நாளில் டிக் இல்லை. இடையில் ஒரு செவ்வாய்க்கிழமை ஊர் முழுக்க மின்சாரம் நின்றிருந்தது; பெட்டியும் ரூட்டரும் மட்டும் பாட்டரியில் ஓடின. அன்று தேனீயும் வரவில்லை. தொட்டி நிரம்பி வழிந்திருந்தது.

"என்னங்க, இங்க வாங்க," என்றாள்.

அவர் விரல் வைத்து வரிசை வரிசையாகப் பார்த்தார். "சத்தம் வந்தா தண்ணி வரல. சத்தம் இல்லைன்னா தண்ணி." தாடையைச் சொறிந்தார். "அந்தச் சத்தம் தண்ணி குடிக்குதும்மா."

வெள்ளிக்கிழமை வாளியை டீச்சரக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, கையடக்க ரேடியோ ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு நாலு பத்துக்குப் படியிறங்கினாள். நாலாவது மாடியில் கொசு. மூன்றாவது மாடியில் வண்டு. இரண்டாவதில் மெஷின் வைத்து மரம் அறுத்தார்கள். கீழ்த்தளத்தில் ரேடியோவைக் காதிலிருந்து எடுத்து எட்டப் பிடிக்கவேண்டியதாயிற்று. இடப்பக்கம் திருப்பினால் குறைந்தது. படிக்கட்டுக்கு அடியில் நீட்டினால் அலறியது. அங்கே பழைய சாமான் அறை. உடைந்த நாற்காலி, போன தேர்தல் போர்டு எல்லாம் கிடக்கும் இடம். பூட்டு மட்டும் புதுசு. சாவி செயலாளரிடம். அறையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம், செயலாளரின் மருமகன் நடத்தும் சலவைக்கடை. விடுதிகளின் படுக்கை விரிப்பு எல்லாம் அங்கேதான் வெளுக்க வரும். ஞாயிறு விடுமுறை.

ரேடியோவை அணைத்தாள். ஒரு சத்தமும் இல்லை. ஒரு மோட்டர் ஓடுகிறது என்று யாருமே சொல்லமாட்டார்கள். கதவில் உள்ளங்கையை வைத்தாள். மெல்லிய நடுக்கம். பூனையின் வயிற்றில் கை வைத்தது போல.

பூனை.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். ஆறு மாசத்துக்கு முன்னால் செயலாளர் ஒரு சின்ன மோட்டரைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறி வந்தார். மருமகன் கடையில் துணி பிழியும் மெஷினுக்கு என்றார். எரிந்துபோனதைப் பிரித்துச் சுற்றும்போது அவர் சும்மா இருக்காமல், "ஓடும்போது சத்தம் வராதுல்ல?" என்று கேட்டார். மூன்று தடவை கேட்டார். வேலை தெரிந்தவளுக்கு வரும் திமிரில் அவள்தான் சொன்னாள்: "சாதாரணமாச் சுத்தினா உறுமும் சார். வேற மாதிரி சுத்தித் தர்றேன். வேகத்தை ஏத்தி இறக்குற ஸ்பீடு பெட்டி ஒண்ணு வாங்கி வச்சு ஓட்டுங்க. பூனை மாதிரி ஓடும். பக்கத்துல படுத்துத் தூங்கலாம்." அந்த ஸ்பீடு பெட்டிகளில் மட்டமானது காதுக்குக் கேட்காமல் ரேடியோவில் மட்டும் விழும் இரைச்சலை வானமெல்லாம் கொட்டும் என்று அவளுக்கு அப்போது தெரியாது. அப்போது மாடியில் கம்பி இல்லை.

மேலே வந்து சொன்னபோது வீட்டுக்காரர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"ஆக, நாம சுத்தின மோட்டர்தான் அஞ்சு மாசமா நம்மளைப் படி ஏத்தி இறக்குதா?"

"நான் சுத்தினது. நீங்க பேரிங் மட்டும் போட்டீங்க."

"பேரிங் நல்லாத்தான் போட்டிருக்கேன் போல. சத்தமே வரலையே," என்றவர் சிரிக்கவில்லை. "இத வெளிய சொன்னா என்ன சொல்லுவாங்க தெரியுமில்ல? திருட்டு மோட்டர் காயில்காரி சுத்திக் குடுத்தது, பங்கு சரியா வரலைன்னு இப்ப காட்டிக் குடுக்குறான்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும். அவங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்."

"கூட்டம் ஞாயித்துக்கிழமை. அன்னிக்கு அது ஓடாது. கதவத் திறந்தாலும் ஒரு மோட்டர் சும்மா உக்காந்திருக்கும். பழைய சாமான்ல இதுவும் ஒண்ணும்பாரு. வேணும்னுதான் ஞாயித்துக்கிழமையா வச்சிருக்காரு."

அவள் நகம் கடித்தாள். சனிக்கிழமை நாலு மணிக்குப் பெட்டிமுன் உட்கார்ந்து, பஸ் நேரம் வாசிக்கும் குரலையும் நாலு பத்துக்கு அதை விழுங்கிய இரைச்சலையும் சேர்த்துக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டாள்.

"இது எதுக்கு?" என்றார் அவர்.

"சாட்சிக்கு."

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தலைக்குக் குளிக்கத் துண்டோடு வந்திருந்தார்கள். படிக்கட்டுக்கு எதிரே நாற்காலி போட்டு இருபது பேர். முன்னால் செயலாளர், பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதில் தண்ணீர்ச் சொம்பு. கம்பியை வெட்டுவதற்கென்றே குறடு ஒன்றும் சொம்புக்குப் பக்கத்தில் பளபளத்தது. காயில்காரி ஒரு சின்ன ஸ்பீக்கரோடு வந்தாள். வீட்டுக்காரரைக் காணவில்லை.

செயலாளர் கதிர்வீச்சு, கட்டுப்பாடு, கட்டடத்தின் மானம் என்று மூன்று நிமிஷம் பேசினார். "நல்லபடியா கேக்குறேன். இறக்குறீங்களா, இல்லையா?"

"இறக்கமாட்டேன் சார்," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. "அது என்னன்னு எல்லாரும் ஒரு தடவை கேட்டுட்டு அப்புறம் வெட்டச் சொல்லுங்க."

கைப்பேசியில் பக்கத்தைத் திறந்து ஸ்பீக்கரில் விட்டாள். ஊர் ஸ்டேஷன். சந்தைப்பக்கம் ஒரு குடை கண்டெடுக்கப்பட்டிருக்கிறது, அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும். யாரோ சிரித்தார்கள். "இது என் பொண்ணுக்காகத் திறந்த வாசல். இப்ப எட்டுப் பேர் வர்றாங்க. யாரும் உங்க வீட்டை எட்டிப் பாக்கல. குடை கிடைச்சுதான்னு பாத்துட்டுப் போறாங்க."

"தண்ணிக்கு என்ன பதில்?" என்றார் இரண்டாவது மாடிக்காரர்.

"சொல்றேண்ணா. அதுக்கு முன்னாடி என் தப்பைச் சொல்லிடறேன். ஆறு மாசத்துக்கு முன்னாடி ஒரு சின்ன மோட்டர் சுத்திக் குடுத்தேன். சத்தமில்லாம ஓடணும்னாங்க. ஓட வச்சேன். எதுக்குன்னு விசாரிக்கல. அந்த மோட்டர் நம்ம குழாய்ல வாய வச்சுத் தினம் நாலு பத்திலேர்ந்து ஆறு வரைக்கும் உறிஞ்சுது. அது ஓடுறது மனுஷன் காதுக்குக் கேக்காது, இந்த ரேடியோவுல மட்டும் கொர்ர்ருன்னு கேக்கும். சுத்தினது என் கைதான். குடிச்சது யாருன்னு இந்தக் கதவுதான் சொல்லணும்." பழைய சாமான் அறையைக் காட்டினாள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"இருங்க, இருங்க!" செயலாளர் கையை உயர்த்தினார். "தன் குத்தத்தை மறைக்க என்ன பேச்சு பாருங்க! உள்ள உடைஞ்ச நாற்காலியும் போர்டும்தான் கிடக்கு. சாவி எங்கயோ போயிடுச்சு, நானே தேடிட்டு இருக்கேன்."

"புதுப் பூட்டுக்குச் சாவி அதுக்குள்ள காணாமப் போச்சா?" என்றாள் டீச்சரக்கா. நோட்டு அவள் கையில் இருந்தது.

படிக்கட்டில் டக், டக் என்று சத்தம். வீட்டுக்காரர் ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்து இறங்கிவந்தார். அவர் கீழே இறங்கி மூன்று மாசமாகிறது. சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவர். யாரையும் பார்க்காமல் அறைக்கு முன்னால் போய், வலியை முகத்தில் காட்டாமல் தரையில் உட்கார்ந்தார்.

"யோவ், என்ன பண்றீங்க? சாவி இல்லைன்னு சொல்றேன்ல?"

"பூட்டுக்குத்தான் சார் சாவி வேணும்," என்றார் அவர், கீலின் முதல் திருகாணியில் ஸ்க்ரூடிரைவரை வைத்து. "கீலுக்கு வேணாம்."

செயலாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்து கதவுக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றார். "சங்கத்துச் சொத்து! ஒருத்தரும் தொடக் கூடாது! இங்க எந்த மோட்டரும் இல்ல. இருந்தா சத்தம் கேக்காதா? காது வச்சுப் பாருங்க, ஏதாவது கேக்குதா?"

எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காது கொடுத்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது மாடிக்காரர் காயில்காரியைச் சந்தேகமாகப் பார்த்தார். வீட்டுக்காரரின் கை திருகாணியிலேயே நின்றது.

அவள் கைப்பேசியில் மணி பார்த்தாள். விரல் ஒரு நொடி தயங்கியது. பிறகு நேற்றைய பதிவைத் தொட்டாள். ஸ்பீக்கரில் அதே அம்மா, அதே குரலில் பஸ் நேரம் வாசித்தாள். கிழக்கே போகும் கடைசி வண்டி...

கொர்ர்ர்ரென்று இரும்பை அறுப்பது போல இரைச்சல் கிளம்பி, அந்தக் குரலை ஒரே வாயில் விழுங்கியது. முன்வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு அவள் கதவை நோக்கி ஒவ்வொரு அடியாக நடந்தாள். நடக்க நடக்க ஒலியைக் கூட்டினாள்.

"நாலு பத்து சார்," என்றாள்.

செயலாளரின் விரித்த கைகள் தாமாகக் கீழே இறங்கின. அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார், மறுபடி கதவைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்:

"பொய்! ஏமாத்துறா! அது எப்படி இன்னிக்கு ஓடும்? ஞாயித்துக்கிழமை நான் அதைப் போடறதே இல்லையே!"